தீவிரத் தாக்குக்குப் பிந்தைய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு மூச்சுத் திணறல் திடீரெனக் கடுமையாகி, மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய பின், முதல் சில வாரங்களுக்குள் மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியையும் நோய் பற்றிய கல்வியையும் தொடங்குவதே தீவிரத் தாக்குக்குப் பிந்தைய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை ஆகும். மருந்து, இன்ஹேலர், ஆக்சிஜன் ஆகியவற்றுக்கு இது மாற்று அன்று. அவற்றோடு சேர்த்துத் தரப்படுவது. நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பைக் குறைப்பதிலும், அவரது நடக்கும் திறனைத் திரும்பப் பெற்றுத் தருவதிலும் இச்சிகிச்சைக்கு நல்ல சான்றுகள் உள்ளன. எனினும், தேவைப்படுவோரில் மிகச் சிலரே இதைப் பெறுகின்றனர்.

நோயும் தீவிரத் தாக்கும்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வர். இதில் மூச்சுக் குழல்கள் சுருங்கித் தடித்துவிடும். நுரையீரலின் நுண்ணறைகளுக்கு இடையிலான சுவர்கள் சிதையும். உள்ளே போகும் காற்று முழுவதுமாக வெளியே வராமல் தங்கிவிடுவதால் மார்பு எப்போதும் பாதி ஊதிய பலூனைப் போல இருக்கும். அடுத்த மூச்சை இழுக்க இடம் போதாது. இவ்வாறு ஏற்பட்ட சிதைவு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். பீடி, சிகரெட் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும் காரணங்கள். ஆனால் புகையைத் தொட்டே பார்க்காத பெண்கள் பலருக்கும் இந்நோய் வருகிறது. விறகு, சாண வறட்டி, சுள்ளி ஆகியவற்றை எரித்துக் காற்றோட்டமில்லாத அடுப்படியில் பல்லாண்டுகள் சமைத்தது அதற்கு முக்கியக் காரணம். தொழிலிடத் தூசி, முன்பு வந்து குணமான காசநோய், குழந்தைப் பருவத்தில் நுரையீரல் சரியாக வளராமை ஆகியனவும் காரணங்களாகின்றன.

நோயாளியின் வழக்கமான மூச்சிரைப்பும் இருமலும் சில நாட்களில் வெகுவாக மிகுவது தீவிரத் தாக்கு எனப்படும். சளி கூடும், அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறலாம். பேச்சு வழக்கில் 'இழுப்பு வந்துவிட்டது', 'வீசிங் அதிகமாகிவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் வைரசு அல்லது பாக்டீரியாத் தொற்றும், சில வேளைகளில் காற்று மாசும் இதைத் தூண்டுகின்றன. நெபுலைசர் மருந்து, சில நாட்களுக்கு ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் நுண்ணுயிர் எதிர்ப்பி, ஆக்சிஜன் ஆகியவை தரப்படும். மூச்சு மிகவும் தளர்ந்தவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி பொருத்தப்படும்.

மூச்சு ஓரளவு சீரானதும் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் அவர் குணமாகிவிட்டார் என்பது இதன் பொருளன்று. கிழக்கு இலண்டனில் நோயாளிகளைத் தினமும் குறிப்பேடு எழுதச் செய்து நடத்திய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. பாதித் தாக்குகளில் ஒரு வாரத்துக்குள் மூச்சின் வேகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தாக்குகளிலோ 35 நாட்கள் ஆன பின்னும் வரவில்லை. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் தரவுகள், சி.ஓ.பி.டி.க்காக மருத்துவமனையில் இருந்து வெளியேறுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்படுவதைக் காட்டுகின்றன.

நுரையீரல் நோயில் கால்களுக்கு என்ன வேலை?

இச்சிகிச்சையைப் புரிந்துகொள்ள நுரையீரலை விட்டுத் தொடையைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும் என்ற அச்சத்தால் நோயாளி நடப்பதைக் குறைக்கிறார். பயன்படாத தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறிது வேலை செய்தாலே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அதைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு வெளிப்படுகிறது. அதை வெளியேற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. எனவே முன்பு நடந்த அதே தூரத்துக்கு முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. அச்சம் கூடுகிறது, நடை இன்னும் குறைகிறது.

தீவிரத் தாக்கு இந்தச் சுழலை வேகப்படுத்துகிறது. படுக்கையில் கிடப்பது, உடலெங்கும் பரவும் அழற்சி, சரியாகச் சாப்பிட முடியாமை, ஸ்டீராய்டு மருந்தின் பக்க விளைவு ஆகிய நான்கும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருகின்றன. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையிலேயே முன்தொடைத் தசையின் வலிமை சுமார் 5 விழுக்காடு குறைந்திருந்தது. ஐந்தே நாளில் நிகழ்ந்த இழப்பு இது. மூன்று மாதங்களுக்குப் பின் அளந்தபோதும் எல்லோருக்கும் அது முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அன்பே இடைஞ்சலாகிவிடுவதும் உண்டு. 'நீங்க எழுந்திரிக்காதீங்க, எது வேணும்னாலும் கேளுங்க' என்று தண்ணீர்ச் செம்பு முதல் சாப்பாட்டுத் தட்டு வரை கட்டிலுக்கே வந்துவிடுகிறது. குளியலறை வரை நடப்பதே அன்றைய பெரிய நடையாகிறது. சில வீடுகளில் அதுவும் வேண்டாம் என்று கட்டிலருகே கழிப்பறை நாற்காலி போட்டுவிடுகிறார்கள். நோயாளியின் மூச்சிரைப்பைக் கண்ணால் பார்த்துப் பதறிய குடும்பத்தாரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் தசைகள் உழைப்பைக் கேட்கும் வாரங்களில் அவற்றுக்கு முழு ஓய்வு தரப்படுகிறது.

மறுவாழ்வுச் சிகிச்சை சிதைந்த நுரையீரலைச் சீராக்குவதில்லை. எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்தால் எண்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதைப் பார்த்துச் சில நோயாளிகள் பயனில்லை என்று மனம் தளர்கின்றனர். வரவு கூடாத குடும்பத்தில் செலவைச் சுருக்கினால் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் மிஞ்சுவது போன்றதுதான் இங்கு நடப்பது. நுரையீரலின் வரவு மாறவில்லை. பழகிய தசை அதே வேலைக்குக் குறைந்த காற்றைச் செலவிடுகிறது.

சிகிச்சையில் இடம்பெறுபவை

முதல் நாளில் நோயாளியின் நடைத்திறன் அளக்கப்படும். எளியது ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடங்களில் தம்மால் இயன்ற தூரத்தை நோயாளி நடக்க வேண்டும். நடுவே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக்குப் பின் இத்தூரம் ஏறத்தாழ 30 மீட்டர் கூடினால், அது நோயாளியே உணரக்கூடிய முன்னேற்றமாகக் கருதப்படுகிறது. இன்னொன்று ஷட்டில் நடைச் சோதனை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சாலி சிங்கும் உடன் பணியாற்றியோரும் 1992இல் இதை அறிமுகம் செய்தனர். 10 மீட்டர் தடத்தில், ஒலிக்கருவியின் 'பீப்' ஒலிக்கேற்ப முன்னும் பின்னும் நடக்க வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும். ஒலியோடு ஈடுகொடுக்க முடியாதபோது சோதனை முடியும்.

பிறகு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் வகுப்புகள், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை நடைபெறும். எட்டு வாரத் திட்டமே பரவலானது. நடை, நிலையான மிதிவண்டி ஆகியவை தாங்குதிறனுக்கு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது, படி ஏறி இறங்குவது, சிறு எடைகளைத் தூக்குவது ஆகியவை தசை வலிமைக்கு. எடைக்குக் கருவி வேண்டுமென்பதில்லை. தண்ணீர் நிரப்பிய பாட்டில் போதும். அண்மையில் தாக்கு வந்தவரால் இருபது நிமிடம் தொடர்ந்து நடக்க முடியாது. ஆகவே ஒன்றிரண்டு நிமிடம் நடை, பிறகு ஓய்வு, மறுபடி நடை என்று துண்டு துண்டாகத் தொடங்கி, வாரந்தோறும் நடையைக் கூட்டி ஓய்வைக் குறைப்பார்கள்.

மூச்சே வாங்காமல் செய்யும் பயிற்சியால் பயனில்லை என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி. மூச்சிரைப்பைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலில் மூன்று அல்லது நான்கு என்று நோயாளி சொல்லும் அளவுக்கு உழைக்க வேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற நிலை அது. அந்த மூச்சிரைப்பு ஆபத்தன்று என்பதை, விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரும் பக்கத்தில் இயன்முறை மருத்துவரும் இருக்கையில் திரும்பத் திரும்ப அனுபவித்தே நோயாளி நம்பத் தொடங்குகிறார். ஆக்சிஜன் அளவு இறங்கினால் பயிற்சி நிறுத்தப்படும் அல்லது ஆக்சிஜனுடன் தொடரப்படும். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருப்பவர்களும் இதில் சேரலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கட்டுப்படாத நெஞ்சுவலியோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் ஆகியோருக்கு உடற்பயிற்சி ஆபத்தாகலாம். எனவே மருத்துவரின் சோதனைக்குப் பின்னரே எவரும் சேர்க்கப்படுவர்.

கல்விப் பகுதியில் முதலிடம் இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துவதற்கு. பல ஆண்டுகளாக இன்ஹேலர் எடுப்பவர்களிலும் பலர் மருந்தைத் தொண்டையிலேயே படியவிடுகிறார்கள். ஸ்பேசர் குழலுடன் ஒருமுறை செய்துகாட்டினால் தீரும் குறை அது. சூடான காபியை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து, மூச்சை இழுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் மெல்ல வெளியே விடும் முறை கற்பிக்கப்படும். தங்கிய காற்று வெளியேற அது உதவுகிறது. உட்கார்ந்து குளிப்பது, அடிக்கடி எடுக்கும் பொருளை இடுப்பு உயரத்தில் வைப்பது போன்ற சிறு யோசனைகள், புகையை விடுவதற்கான உதவி, உணவு, மனப்பதற்றம், அடுத்த தாக்கின் முன்குறிகளைக் கண்டவுடன் செய்ய வேண்டியவை ஆகியனவும் இடம்பெறும்.

கொரோனாக் காலத்துக்குப் பின் வீடுதோறும் காணப்படும் மூன்று பந்துக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பந்துகளை உயர்த்துவதையே நுரையீரல் மறுவாழ்வு என்று பலரும் எண்ணுகின்றனர். மூச்சுப் பயிற்சியோ பிராணாயாமமோ மனத்துக்கு அமைதி தரலாம். தொடைத் தசைக்கு அவை ஒன்றும் செய்வதில்லை. நடையும் தசைப் பயிற்சியும் இல்லாத திட்டத்தை மறுவாழ்வுச் சிகிச்சை என்று அழைப்பது பொருந்தாது.

எப்போது தொடங்குவது?

முன்பு, நோயாளி நன்றாகத் தேறி இரண்டு மூன்று மாதங்கள் கடந்த பின்னரே பயிற்சி என்பது வழக்கமாக இருந்தது. இலண்டனில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. தீவிரத் தாக்குக்காகச் சேர்க்கப்பட்ட 42 நோயாளிகளில் ஒரு பாதியினர், வீடு திரும்பிய பத்து நாட்களுக்குள் எட்டு வாரப் பயிற்சியில் சேர்க்கப்பட்டனர். மூன்று மாத முடிவில் ஷட்டில் சோதனையில் அவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 60 மீட்டர் கூடுதலாக இருந்தது. வாழ்க்கைத் தர மதிப்பீட்டிலும் தெளிவான உயர்வு தெரிந்தது.

இதையொட்டிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2016இல் புதுப்பிக்கப்பட்டது. 20 ஆய்வுகள், 1477 நோயாளிகள். நடைத்திறனும் வாழ்க்கைத் தரமும் உயர்வது உறுதிப்பட்டது. மீண்டும் மருத்துவமனையில் சேர்வதும் மொத்தத்தில் குறைந்தது. ஆனால் உயிரிழப்பு பற்றிய முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டன.

அந்த மாறுபாட்டுக்குப் பெரிதும் காரணமானது லெஸ்டர் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு. நாட்பட்ட சுவாச நோய் தீவிரமடைந்து சேர்ந்த 389 பேர் இதில் பங்கேற்றனர். பெரும்பாலோருக்கு இருந்தது சி.ஓ.பி.டி. சிகிச்சைக் குழுவினருக்கு மருத்துவமனையில் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளேயே நடை, தசைப் பயிற்சி, தொடைத் தசைக்கு மின் தூண்டல் ஆகியவை தொடங்கப்பட்டன. வீடு திரும்பிய பின் மேற்பார்வையின்றித் தாமே தொடருமாறு சொல்லப்பட்டது. முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. ஓராண்டுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டோர் சிகிச்சைக் குழுவில் 62 விழுக்காடு, மற்றக் குழுவில் 58 விழுக்காடு; இது பெரிய வேறுபாடு அன்று. ஆனால் ஓராண்டில் இறந்தோர் முறையே 25 விழுக்காடும் 16 விழுக்காடும் ஆவர்.

இவ்விறப்புகளுக்குப் பயிற்சியே நேரடிக் காரணம் என்று காட்டப்படவில்லை. முழுமையான விளக்கம் இன்றுவரை கிடைக்கவுமில்லை. ஒன்று கவனிக்கத்தக்கது. மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்றவர்கள், பின்னர் நடைபெறும் முறையான வெளிநோயாளர் வகுப்புகளில் குறைவாகவே சேர்ந்தனர். 'அதுதான் ஏற்கெனவே செய்தாயிற்றே' என்ற எண்ணம் இருந்திருக்கலாம். எப்படியாயினும், இரத்தத்தில் ஆக்சிஜன் நிலைபெறாத நாட்களில் கடும் பயிற்சியைத் தொடங்குவது 'எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது' என்ற கணக்கில் அடங்காது என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது. எதிர்பாராத விடையையும் மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்களின் நேர்மையால்தான் இத்துறை தன் கால அட்டவணையைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

ஐரோப்பிய சுவாசவியல் சங்கமும் அமெரிக்க மார்புநோய்ச் சங்கமும் 2017இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவமனையில் இருக்கும்போதே மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்க வேண்டாம் என்றும், வீடு திரும்பிய மூன்று வாரங்களுக்குள் தொடங்கலாம் என்றும் பரிந்துரைத்தது. பிரித்தானியத் தர அளவுகோல் நான்கு வாரங்கள் என்கிறது. மருத்துவமனையில் கட்டிலை விட்டு எழுந்து அமர்வது, கழிப்பறைக்கு நடப்பது, செவிலியர் துணையோடு வார்டில் சில அடிகள் வைப்பது ஆகியவை இந்தத் தடைக்குள் வரமாட்டா. அவை எல்லா நோயாளிகளுக்கும் உரிய சாதாரணப் பராமரிப்பு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முழுப் படுக்கை ஓய்வு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டில் சி.ஓ.பி.டி.க்காகச் சிகிச்சை பெற்று வெளியேறிய 1,97,376 முதியோரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தது. 90 நாட்களுக்குள் மறுவாழ்வு தொடங்கியவர்களில் 7.3 விழுக்காட்டினரும், ஏனையோரில் 19.6 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் இறந்தனர். இந்த எண்களை அப்படியே சிகிச்சையின் வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது. வகுப்புக்குப் போக முடிந்தவர் முன்பே சற்றுத் தெம்பானவராக இருந்திருப்பார். அத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு சரிசெய்த பின்னும் இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது என்பதே இதில் முக்கியம்.

சேராமல் போவது ஏன்?

அதே அமெரிக்க ஆய்வில் 90 நாட்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் 2,721 பேர் மட்டுமே. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வடமேற்கு இலண்டனில் முழு நிதியுடன் இயங்கிய மையம் ஒன்றைப் பற்றி 2014இல் வந்த ஆய்வும் இதையே சொல்கிறது. 448 முறை நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து வெளியேறினர்; மையத்துக்கு வந்த பரிந்துரைகள் 90; பயிற்சியை முடித்தவர்கள் 43 பேர்.

வெளியேறும் நாளில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மருந்துச் சீட்டு, கட்டணம், வண்டி ஏற்பாடு என்ற பரபரப்பில் உடற்பயிற்சி பற்றிய பேச்சு எழுவதே அரிது. மாத்திரையை எழுதித் தருவது போல இதை எழுதித் தரும் பழக்கம் மருத்துவரிடையே வேரூன்றவில்லை. எழுதித் தந்தாலும், பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஒருவர் வாரம் இருமுறை பேருந்து ஏறி வர வேண்டும். கூட வருபவர் அன்றைய வேலையை விட வேண்டும். உடல் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும்போது தசை மேலும் இளைக்கிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி 2016இல் இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்குச் சி.ஓ.பி.டி. இருந்தது. முறையான மறுவாழ்வு மையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளிலேயே உள்ளன. லெஸ்டர் பல்கலைக்கழகம் தலைமையேற்ற 'குளோபல் ரீசார்ஜ்' என்னும் ஆய்வுத் திட்டம் இந்தியா, இலங்கை, உகாண்டா, கிர்கிசுத்தான் ஆகிய நாடுகளில் உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ற மறுவாழ்வு முறைகளை வகுக்க முனைந்தது.

இச்சிகிச்சைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்பது நம் ஊர்களுக்குச் சாதகமான செய்தி. சமதளமான நடைபாதை, கைப்பிடியில்லாத நாற்காலி, ஒரு படி, பல்ஸ் ஆக்சிமீட்டர், பயிற்சி பெற்ற ஒருவர். ஒரு தாலுகா மருத்துவமனையால் இவற்றைத் திரட்ட முடியும். தொலைபேசி வழியாகவும் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவதன் மூலமும் நடத்தப்படும் திட்டங்கள், நோய் நிலைபெற்றவர்களிடம் மையத்தில் நடப்பவற்றுக்கு நிகரான பயனைத் தந்துள்ளன. அண்மையில் தாக்கு வந்தவரைப் பொறுத்தவரை, முதல் மதிப்பீடாவது நேரில் நடப்பது பாதுகாப்பானது. நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலமாதல், ஓய்வெடுத்தும் தணியாத மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

எட்டு வாரத்தில் பெற்ற தெம்பு, பயிற்சியைக் கைவிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தேய்ந்துவிடுகிறது. ஆகவே வகுப்புகள் முடிந்த பின்னும் நாள்தோறும் நடக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. மறுபடியும் தீவிரத் தாக்கு வந்து மருத்துவமனையில் சேர நேர்ந்தவர், முன்பு ஒருமுறை திட்டத்தை முடித்திருந்தாலும், வீடு திரும்பியதும் புதிதாக மதிப்பீடு செய்யப்பட்டு மீண்டும் சேர்க்கப்படலாம்.